சாமான் அறைக்குக் கீழே ஒட்டிய கறுப்புத் துணி

புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பூகம்பம் வந்துவிட்டது என்று நான் நம்பினேன். அதையாவது மன்னித்துவிடலாம். அது எங்கள் வீட்டுக்கு மட்டும் தனியாக வந்துவிட்டுப் போனது என்றும் நம்பினேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது. டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கியது. அடுத்து எனக்கு நினைவு வரும்போது நான் தெருவில் நிற்கிறேன். பூகம்பம் வந்தால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று என் மனசு எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது போல. கையில் டிவி ரிமோட் இருந்தது. மனைவி உள்ளேதான் இருந்தாள்.

அவள் நிதானமாக வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்து என்னைப் பார்த்தாள்.

"அமுக்குங்க. நின்னுருமான்னு பார்ப்போம்."

எதிர் வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கொடியை விட்டுக் கையை எடுக்காமலே, "என்ன தம்பி, இந்த வெயில்ல செருப்பில்லாம நிக்கிறீங்க?" என்றார்.

"அக்கா, பூமி ஆடுச்சு. ஒங்களுக்குத் தெரியலையா?"

"குவாரில வெடி வச்சிருப்பாங்க. நேத்தும்தான் வச்சாங்க."

"இது வேற ஆட்டம்க்கா."

"எனக்கு எல்லா ஆட்டமும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று அடுத்த புடவையை உதறினார்.

நான் இன்சூரன்ஸ் முகவர். ஊர் ஊராகப் போய், நாளைக்கு என்னென்ன ஆகலாம் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் பிழைப்பு. திருமயம் வட்டாரத்தில் நான் பயமுறுத்தாத குடும்பம் குறைவு. ஆனால் அந்தப் பயமெல்லாம் அடுத்தவர்களுக்கு. எனக்கென்று ஒன்று வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவனைப் போல அன்றைக்கு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுவரைத் தட்டினேன். தூணைத் தட்டினேன். கடைசியில் கீழே இருக்கிற சின்ன அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். மேலே தளத்தில் ஒரு விரிசல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவரை நோக்கிப் போயிருந்தது. அதற்கு நேர் கீழே கட்டில். கட்டிலில் என் மனைவியின் தலையணை.

அந்த அறை எங்கள் மகளுடையது. ஒரே மகள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் காய்ச்சல் என்று போன் பண்ணினாள். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவளை ஆம்புலன்ஸில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். அதிலிருந்து என் மனைவி அந்த அறையில்தான் படுக்கிறாள். நான் கூடத்தில்.

அந்த அறைக்கு மேலே மாடியில் இருப்பது சாமான் அறை. எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தால் தாய்க்காரி அன்றிலிருந்தே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவாள். பித்தளைத் தவலை, வெண்கல உருளி, எவர்சில்வர் தூக்கு, மங்கு என்று நாங்கள் சொல்கிற எனாமல் தட்டுகள், எல்லாம் ஜோடி ஜோடியாக, செட்டு செட்டாக. கல்யாணத்தன்றைக்கு அத்தனையையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைக்க வேண்டும். வந்த பெண்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கனம் சொல்வார்கள். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதுக்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவரவர் வீட்டில் சேர்ப்பார்கள்.

மகளுக்கு இது பெரிய வேடிக்கை. என் வாய் அவளுக்கு. ஒரு தடவை அவள் அம்மா தோளளவு அண்டா ஒன்றை வாங்கி வந்து இறக்கியபோது என்னைப் பார்த்து, "அப்பச்சி, எனக்கு நீங்க பார்த்திருக்கிற மாப்பிள்ளை ஹோட்டல் நடத்துறாரா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அதற்காக அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரி தோசை இல்லை, பழைய சோறுதான்.

அவள் போன பிறகு அந்த அறையை மனைவி பூட்டினாள். சாவி அவள் இடுப்பில். உள்ளே போவதும் இல்லை, யாரையும் விடுவதும் இல்லை. ஒரு சாமானைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அண்டா மட்டும் இரவல் கேட்டு வந்தார்கள். "சாவி எங்கேயோ விழுந்துருச்சு" என்றாள், சாவியைப் பிடித்துக்கொண்டே.

ஆக என் நிலைமை இது. தளம் விரிந்திருக்கிறது. அதற்குக் கீழே அவள் படுக்கிறாள். எழுந்து வரமாட்டாள். மேலே இருக்கிற அறையையும் திறக்கமாட்டாள். மறுபடி ஒரு ஆட்டம் வந்தால் மகளுடைய சாமானெல்லாம் அவள் அம்மா மேல் இறங்கும்.

கூடத்துக்கு வந்து படு என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க வெளிய படுங்க. உங்களுக்குத்தான் ஓடிப் பழக்கம்."

"தளம் விழுந்தா?"

"விழட்டும்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மாவு புளிச்சிருச்சு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

நான் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எங்கெங்கோ வெளிநாட்டில் மேஜைக்கு அடியில் எப்படிப் பதுங்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒத்திகை பார்த்தேன். போனது சுலபம். வெளியே வர மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. பிரிட்ஜ் மேல் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன், ஆட்டம் வந்தால் விழுந்து எழுப்பிவிடும் என்று. கரன்ட் வந்து பிரிட்ஜ் உதறும்போதெல்லாம் விழுந்தது. நான் போர்ட்டிகோவில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்துத் தபால்காரர், "வெளிய கிளம்பிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வீடியோக்களில்தான் ஃபைபரைப் பார்த்தேன். கறுப்பாக, துணி மாதிரி. கார்பன் இழை. பசையில் தோய்த்துத் தளத்தின் அடிப்பக்கம் பட்டை பட்டையாக ஒட்டுகிறார்கள். காய்ந்தால் இரும்பைவிட இழுவை தாங்குமாம். தளம் பூகம்பத்துக்கும் அசையாதாம். என் கண்ணில் பட்டது அதெல்லாம் இல்லை, அடிப்பக்கம் என்ற ஒரே ஒரு வார்த்தைதான். கீழே இருந்தே வேலை முடிந்துவிடும். மாடி அறையைத் திறக்கவே வேண்டாம். அவள் சாவியும் அவள் இடுப்பிலேயே இருக்கலாம். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

திருச்சியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். பெண். வயசு எங்கள் மகளுக்கு இருந்திருக்க வேண்டிய வயசு. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், இது எப்ப வந்துச்சு?"

"போன மாசம் பூகம்பத்துல."

டார்ச்சை அணைத்து என்னைப் பார்த்தார். "பூகம்பமா?"

"இங்கிட்டு மட்டும்."

சிரிக்கவில்லை, நல்ல பெண். விரலால் விரிசலைச் சுரண்டினார். "உள்ள பெயின்ட் இறங்கியிருக்கு பாருங்க. நீங்க கடைசியா பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. தளம் நடுவுல கொஞ்சம் தொங்கியிருக்கு. மேல என்ன வச்சிருக்கீங்க?"

"பாத்திரம்."

"பாத்திரம்னா?"

சொன்னேன். அண்டாவைச் சொன்னேன், உருளிகளைச் சொன்னேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் உண்டு, நானே ஆள் வைத்து ஏற்றி, அறைக்கு நடுவில் வைத்தது, அதையும் சொன்னேன்.

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். பிறகு, "அதையெல்லாம் காலி பண்ணிட்டா, விரிசலை மட்டும் அடைச்சு விட்டுறலாம் சார். வேற எதுவுமே வேண்டாம்" என்றார்.

"அது முடியாதும்மா. ஃபைபர் ஒட்டுங்க. கீழ இருந்து."

"ஒட்டலாம். சுவர் நாலையும் தளம்தான் சேர்த்துப் பிடிக்குது. ஆட்டம் வந்தா ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு பக்கம் போகப் பார்க்கும். தளம் உறுதியா இருந்தா விடாது. இந்தப் பக்கம் பெரிய ஆட்டம் வர்றது அபூர்வம்தான். ஆனா செஞ்சா நல்லது. எப்படி இருந்தாலும் மேல இருக்கிறதை இறக்கணும் சார்."

"எதுக்கு? ஒட்டுறது கீழதானே?"

"பாரத்தோட தொங்கிக்கிட்டு இருக்கையில ஒட்டினா அந்த ஃபைபர் சும்மாதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். இப்ப இருக்கிற பாரத்துல எதையும் அது வாங்காது. இறக்கிட்டா தளம் கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்ததும் ஒட்டி, காயவிட்டு, அப்புறம் ஏத்தினா அதுவும் சேர்ந்து தூக்கும்."

என் புத்திசாலித்தனம் அதோடு முடிந்தது.

அவர் போனதும் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். "ஒண்ணுமில்ல. தளத்துக்குக் காய்ச்சலாம். பத்துப் போடணுமாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் கையில் கரண்டி நின்றது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அந்த வார்த்தையை மட்டும் எடுத்து விழுங்க ஏதாவது வழி உண்டா என்று பார்த்தேன். அவள் தீயைக் குறைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"சாமானை இறக்கணும்னு சொல்லுச்சா?"

"ஆமா."

"ஒட்டினப்புறம் திரும்ப வைக்கலாமா?"

அதை நான் கேட்கவே இல்லை. இறக்கினது இறங்கியதாகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அறை காலியாகிவிட்டால் அவளும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து கூடத்துக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். "கேக்கலையே" என்றேன்.

"கேளுங்க. வைக்கலாம்னா இறக்குங்க. இல்லேன்னா வேண்டாம்."

போன் போட்டேன். மறுமுனையில் அந்தப் பெண், "வைக்கலாம் சார், அதுக்குத் தகுந்த மாதிரியே பண்ணுவோம். ஆனா நடுவுல வேண்டாம், சுவரோரமா வைங்க. அந்த அம்மிக்கல்லையாவது மேல ஏத்தாதீங்க" என்றார். நான் அப்படியே சொன்னேன். மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

இரண்டு ஆட்களை வைத்து ஒரு காலையில் இறக்கினோம். அறைக் கதவு திறந்ததும் பழைய செய்தித்தாள் வாடையும் புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாடையும் வந்தது. மனைவி மேலே வரவில்லை. கீழே கூடத்தில் நின்று, வந்ததை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் மேலே நின்று, "பார்த்து, பார்த்து" என்று யாருக்கும் உதவாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கடைசிச் சுமையோடு கீழே வந்து பார்த்தபோதுதான் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று புரிந்தது.

ஒரு மூலையில் குவித்திருக்கலாம். குவிக்கவில்லை. பாய் விரித்து, பெரிய தவலை பின்னால், அடுத்து அண்டா, குடம், உருளி, முன்னால் வர வர சின்னதாக, மங்குத் தட்டுகள் விசிறி மாதிரி, தூக்குகள் உயரவாரியாக. கல்யாணத்துக்குப் பரப்புகிற வரிசை. வேண்டுமென்று செய்த மாதிரியும் தெரியவில்லை. இந்தச் சாமானைக் கீழே வைப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

எதிர் வீட்டு அக்கா படியேறி வந்துகொண்டே, "ஏத்தா, என்ன விசேஷம், சொல்லவே இல்ல..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு செம்பை எடுத்துத் துடைத்தார். துடைத்தவர் கை சும்மா இருக்கவில்லை, தூக்கிக் கனம் பார்த்தது.

"நல்ல கனம்த்தா."

"கும்பகோணத்துல வாங்கினது" என்றாள் மனைவி.

"இப்பல்லாம் இந்தக் கனம் எங்க வருது. தகரம்."

"நான் அப்பவே சொன்னேன்க்கா, கூடக் கொடுத்தாலும் பரவாயில்ல, கனமா வேணும்னு."

அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். யாரும் மகளைப் பற்றிப் பேசவில்லை. உருளியின் விளிம்பைப் பற்றிப் பேசினார்கள். மங்குத் தட்டில் பூ எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பேசினார்கள். "திரி போட மூக்கே இல்லாத குத்துவிளக்கு வச்சிருக்கே பாரு" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். மனைவி, "அது உங்க தம்பி வாங்கிட்டு வந்தது, கடைக்காரன் நல்லா ஏமாத்தி விட்டுட்டான்" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டு ரொம்ப நாளாயிருந்தது.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நான் மொட்டைமாடிக்குப் போனேன். இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினேன்.

வேலை மறுநாள் ஆரம்பித்தது. கட்டிலை வெளியே தூக்கினார்கள். அடிப்பூச்சை உதிர்த்து, கான்கிரீட் தெரிகிற வரை மெஷினால் தேய்த்தார்கள். வீடு முழுக்கச் சிமென்ட் தூசி. கூடத்துச் சாமான்கள் மேல் மனைவி தன் பழைய புடவைகளைப் போர்த்தினாள். விரிசலில் ஊசி போடுவதைப் போலக் குழாய் வைத்துப் பசையை ஏற்றினார்கள். பிறகு கறுப்புத் துணியை வெட்டி, எபாக்சிப் பசையில் தோய்த்து, அடியில் பட்டையாக ஒட்டி, உள்ளே காற்று நிற்காமல் ரோலரால் தேய்த்தார்கள். ஓரத்தில் சுவரோடு சேர்கிற இடத்திலும் மடக்கி ஒட்டினார்கள். நாற்றம் மூக்கை அரித்தது. காய்கிற வரை யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. ஆக, என் மனைவி அந்தக் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள். நானும் அவளும் கூடத்தில், பரப்பி வைத்த சாமானுக்கும் சுவருக்கும் இடையில் கிடைத்த இடத்தில் படுத்தோம். என் கால் நீட்டினால் அண்டாவில் இடித்தது. கும்மென்று ஒரு சத்தம் வரும். "பூகம்பம்" என்பாள். நான் கும்பிடு போடுவேன். அந்த நாட்கள் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று இருந்தது எனக்கு.

காய்ந்த பிறகு இன்ஜினீயர் வந்து, ஏணி மேல் நின்று நாணயத்தால் பட்டைகளைத் தட்டிப் பார்த்தார். எங்காவது ஒட்டாமல் இருந்தால் ஓசை பொத்தென்று வருமாம். மனைவியும் கீழே நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஒரு இடத்தில் வந்தது. அதை மறுபடி பசை ஏற்றிச் சரிசெய்தார்கள்.

"இது எத்தனை வருஷம் தாங்கும்மா?" என்றாள் மனைவி.

"நம்மளவிடக் கூட இருக்கும்."

அன்றைக்கு அந்தப் பெண்ணை மனைவி சாப்பிடாமல் விடவில்லை. பரிமாறிக்கொண்டே, "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லைங்கம்மா. வீட்டுல பார்த்துக்கிட்டிருக்காங்க."

மனைவி எழுந்து சாமான் வரிசைக்குப் போனாள். குனிந்து ஒரு தூக்கை எடுத்தாள். கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மனைவி தூக்கை நகர்த்தி வைத்து, அதன் பின்னால், சுவரோரம் எப்போதும் இருக்கிற ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எலுமிச்சங்காய். போட்டுக்கம்மா."

பாரம் ஏற்றலாம் என்று அவர் சொன்னதும், மறுநாளே அதே ஆட்களை வரச்சொல்லிவிட்டாள். நான் கேட்டேன். "கொஞ்ச நாள் கீழேயே இருக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கு."

"தூசி படுது."

"யாருக்காச்சும் கொஞ்சம் கொடுத்தா..."

"யாருக்கு?"

வேடிக்கையாகச் சொல்லக்கூட எனக்கு ஒன்றும் வரவில்லை.

இந்தத் தடவை அவள் மேலே நின்றாள், நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைக்குப் போயின. மற்றதெல்லாம் மேலே போயிற்று, இன்ஜினீயர் சொன்னபடி சுவரோரமாக. கூடத்தில் பாயின் தடம் மட்டும் தரையில் இருந்தது. கீழ் அறையில் பட்டைகள் மேல் வெள்ளை அடித்தார்கள். அடித்தும் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பட்டையின் ஓரமும் தெரிகிறது. கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டாள். அன்றைக்கே அங்கே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் தெருவுக்கு ஓடிய அன்றைக்கு ஜன்னலை ஆட்டியது குவாரி வெடி. இப்போதும் வைக்கிறார்கள், கண்ணாடி கடகடவென்கிறது, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன். பூகம்பம் வரவில்லை. தளத்தைத் தொங்கவைத்தது நாங்கள் மகளுக்கு வாங்கிய சாமான். அது மறுபடி மேலேதான் இருக்கிறது. மாறியது ஒன்றுதான். முன்பு என் மனைவி சாமான் அறைக்குப் போகவே மாட்டாள். இப்போது நடுவில் இடம் காலியாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வெயில் தாழ்கிற வரை. நான் அவளுக்கு நேர் கீழே, மகளுடைய கட்டிலில் படுத்திருக்கிறேன்.